கிபனின் பாட்டும் காணி உறுதியும்

சென்ற ஆண்டு எமது பீடத்தில் நடைபெற்ற விவாத அரங்கொன்றில் நண்பர் ஒருவர் மேடையேறி, "ஐந்தறிவு படைத்த குரங்குகூட விடியற்காலையில் எழுந்து, இது என் நிலம் எனப் பாடி அறிவிக்கின்றது. ஆறறிவு படைத்த நாம் எமது எல்லையை அறிவிக்கத் தயங்குவதேன்?" என்று முழங்கினார். மண்டபம் அதிர்ந்தது. கைதட்டியவர்களுள் யானும் ஒருத்தி. விடுதிக்குத் திரும்பிய பின்னரே தட்டிய கைகள் உறுத்தலாயின. அவர் குறிப்பிட்ட குரங்கு எது, அது எங்கே வாழ்கின்றது, எதற்காகப் பாடுகின்றது என்பன அவருக்கும் தெரியாது, எமக்கும் தெரியாது. தெரியாத ஒரு பிராணியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, எமது காணிப் பிணக்குகளுக்கு நாமே தீர்ப்பும் வழங்கிவிட்டோம். அதன் பின்னர் சில மாதங்கள், கலைப்பீட மாணவிக்கு இங்கென்ன வேலை என்ற பார்வைகளுக்கிடையே, நூலகத்தின் விலங்கியற் பகுதியில் இருந்து கற்றவற்றின் விளைவே இக்கட்டுரை. நண்பர் இதனைப் படித்துக் கோபிப்பாராயின் மகிழ்வேன். மறுத்து எழுதுவாராயின் இன்னும் மகிழ்வேன்.

அவர் குறிப்பிட்டது கிபனாகவே இருத்தல் வேண்டும். எமது தீவிலோ தமிழகத்திலோ கிபன் இல்லை. சங்கப் பாடல்களிற் பலாக்கனி தின்னும் மந்தியும் கடுவனும் வேறு இனத்தவை. அசாமிலிருந்து தென்சீனம் வரையும், தெற்கே மலாயா, சுமாத்திரா, யாவா, போர்ணியோ வரையும் பரந்த காடுகளிலே ஏறத்தாழ 20 இனக் கிபன்கள் வாழ்கின்றன. வாலில்லாக் குரங்குகளுள் இவையே உருவிற் சிறியவை. நிலத்தில் இறங்குதல் அரிது; நீண்ட கைகளால் கிளைக்குக் கிளை வீசித் தாவியே வாழ்நாளைக் கழிப்பன. பொதுவாக ஓர் ஆண், ஒரு பெண், இரண்டு மூன்று குட்டிகள் என்பதே குழு. விடிந்ததும் ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடும். வெண்கைக் கிபனின் பெண் நீண்ட, தாழ்ந்த சுரங்களில் தொடங்கி, மேலே ஏறி உச்சத்தைத் தொட்டுப் பின் தணியும். அது முடிந்ததும் ஆண் தன் மறுமொழியைச் சேர்க்கும். காட்டினுள் ஒரு கிலோமீற்றருக்கு அப்பாலும் அவ்வோசை கேட்கும். கழுத்திலே பெரிய காற்றுப்பையுடைய சியாமாங் என்னும் இனத்தின் ஓசை அதனிலும் வலியது. கேட்டவர் எவரும் அதனைக் கத்தல் என்று சொல்லத் துணிவதில்லை. பாட்டு என்றே சொல்வர். வம்பு இங்கேதான் தொடங்குகின்றது. பாட்டு என்றதும் பொருள் தேடுகிறோம். பொருள் தேடியவர்கள் தத்தம் மடியில் இருந்ததையே எடுத்துப் போட்டார்கள்.

கிபனைக் காட்டிற் சென்று முறையாக ஆராய்ந்த முதல்வர் அமெரிக்கரான கார்ப்பென்ரர். 1937இல் ஆசியாவுக்கு வந்த ஆய்வுக்குழுவொன்றில் சேர்ந்து, அன்று சீயம் எனப்பட்ட தாய்லாந்தின் வடபகுதியில் வெண்கைக் கிபனைப் பின்தொடர்ந்தார். 1940இல் அவரது நூல் வெளிவந்தது. ஒவ்வொரு குழுவும் தனக்கென ஓர் ஆள்புலத்தை வைத்துள்ளதென்றும், பாட்டு அதனைக் காக்க உதவுகின்றதென்றும் அவர் எழுதினார். கண்டதை எழுதிய நேர்மையாளர் அவர். அவரோடு எனக்குப் பிணக்கில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கார்ப்பென்ரர் கிபனின் பாட்டை ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்த அதே பயணத்தில், அக்குழுவின் வேறு அறிஞர்கள் நூதனசாலைகளுக்காகவும் உடற்கூற்று ஆய்வுக்காகவும் 200க்கு மேற்பட்ட கிபன்களைச் சுட்டு எடுத்துச் சென்றனர். இது என் நிலம் என்பதே அப்பாட்டின் பொருளாயின், அதனைப் பொருட்படுத்தாத முதல் அயலார் அப்பாட்டை ஆராய வந்தவர்களே.

எனது பிணக்கு றொபேட் ஆர்ட்ரி என்பவரோடு. அவரை வாசியாமலே அவரது கருத்தைக் கைமாற்றாகப் பெற்றுப் பேசும் எம்மவரோடு அதனிலும் அதிகம். ஆர்ட்ரி விலங்கியலாளர் அல்லர். நாடகாசிரியர், திரைக்கதை எழுதியவர். 1966இல் அவர் வெளியிட்ட நூல், ஆள்புல உணர்வு விலங்கிலும் மனிதனிலும் இயல்பூக்கமாகவே உள்ளது என்று வாதாடிற்று. அந்நூலின் துணைத்தலைப்பே சொத்துடைமைக்கும் தேசங்களுக்கும் விலங்கினத்தில் மூலம் தேடுவதாக அறிவிக்கின்றது. தன் வேலியைக் காக்கும் மனிதனும் தன் மரத்தைக் காக்கும் குரங்கும் ஒரே கட்டளைக்குப் பணிகின்றனராம். 1968இல் ஆஷ்லி மொன்ரேகு தொகுத்த கட்டுரைத் தொகுதியொன்றில் அறிஞர் பலர் இக்கூற்றை மறுத்தனர். எனினும் மறுப்பை வாசித்தவர் சிலர். முழக்கத்தைக் கேட்டவர் பலர்.

இவ்வாதத்தின் சூட்சுமத்தைக் கவனித்தல் வேண்டும். ஆள்புலம் என்பது சட்டத்துக்கும் அரசுக்கும் உரிய சொல். 1920இல் எலியட் ஹவார்ட் பறவைகளைப் பற்றி எழுதிய நூல் அதனைப் பறவைக்கு நிலையாகச் சூட்டியது. பறவையிலிருந்து அது குரங்குக்குச் சென்றது. பின்னர், குரங்கிடம் ஆள்புலம் இருப்பதாகக் "கண்டுபிடிக்கப்பட்டு", மனிதனது ஆள்புலமும் இயற்கையானதே என நிறுவப்படுகின்றது. நாமே எழுதிய சான்றிதழைக் குரங்கின் கையொப்பத்துடன் நாமே பெற்றுக்கொள்கிறோம்.

இனிக் காட்டுக்கு வருவோம். கிபன் ஏன் ஓரிடத்தைக் காக்கின்றது? வயிற்றைக் கேட்டால் விடை கிடைக்கும். கிபனின் முதன்மை உணவு பழுத்த பழம். சிறப்பாக அத்தி இனங்களின் பழம். வெப்பமண்டலக் காட்டிலே பழமரங்கள் சிதறி நிற்பன. ஒன்று இன்று பழுக்கும், மற்றொன்று எப்போதோ பழுக்கும். எந்த மரம் எப்போது பழுக்கும் என்பதை அறிந்த சிறு குழுவுக்கே அவ்வாழ்க்கை கட்டுப்படியாகும். பல இடங்களில் ஒரு குழுவின் உலாவிடம் 20 முதல் 50 ஹெக்டேயர் வரையானது. நாளொன்றுக்கு ஒன்று ஒன்றரைக் கிலோமீற்றர் தாவுகின்ற பிராணி அதனைச் சுற்றி வந்துவிடலாம். ஆகவே காத்தல் இலாபமானது. ஒரு நிலத்தைக் காப்பதற்குச் செலவாகும் சக்தியிலும் அதனாற் கிடைக்கும் பயன் மிகும்போதே விலங்கு அதனைக் காக்கும் என்பதை 1964இல் ஜெராம் பிரவுண் என்பவர் தெளிவாக எடுத்துரைத்தார். அதே சுமாத்திராக் காட்டில் பழமே தின்னும் ஒராங் உட்டான், தனியே பரந்து திரிவதால் அவ்வாறு வேலி காப்பதில்லை. இயல்பூக்கம் எனப்பட்டது, பழத்துக்கும் தூரத்துக்கும் இடையிலான கணக்கு.

இக்கணக்கு மாறினால் நடத்தையும் மாறும் என்பதற்குச் சான்று எமது நாட்டிலேயே உண்டு. சாம்பல் மந்தியை இந்தியாவின் கௌகோரி, ஓர்ச்சா ஆகிய இடங்களில் ஆராய்ந்த பிலிஸ் ஜே, கூட்டங்கள் ஒன்றையொன்று சந்திக்கும்போது பெரும்பாலும் அமைதியாக விலகிச் செல்வதைக் கண்டார். பொலநறுவையில் சாம்பல் மந்தியை ஆராய்ந்த சுசான் றிப்ளி 1967இல் வெளியிட்ட கட்டுரையோ, கூட்டங்கள் ஆரவாரித்துப் பாய்ந்து மோதுவதை விவரிக்கின்றது. அன்று இவ்விரண்டும் ஒரே இனமாகவே கருதப்பட்டன. கௌகோரி மந்திக்கு இல்லாத இயல்பூக்கம் பொலநறுவை மந்திக்கு எங்கிருந்து வந்தது? இயல்பூக்கவாதிகள் இதற்கு விடை கூறட்டும்.

கிபனுக்கே மீள்வோம். தாய்லாந்தின் காவோ யாய் தேசிய வனத்திலே பல ஆண்டுகளாகக் கிபன் குழுக்கள் தனித்தனியே அடையாளம் காணப்பட்டு அவதானிக்கப்பட்டு வருகின்றன. அங்கே அயற் குழுக்களின் உலாவிடங்கள் ஒன்றன்மேல் ஒன்று பெரிதும் படிந்துள்ளன. எல்லையிலே குழுக்கள் சந்திக்கும்போது ஆண்கள் துரத்திக்கொள்வதுண்டு. ஆனால் அதே சந்திப்புகளில் இரு வீட்டுக் குட்டிகளும் சேர்ந்து விளையாடுவதையும், அயலார் ஒருவர்க்கொருவர் மயிர் கோதிவிடுவதையும் றைகார்ட், பார்ட்லெற் முதலியோர் பதிவு செய்துள்ளனர். அடுத்த குழுவில் இருப்பது பல வேளைகளில் வளர்ந்து பிரிந்துபோன சொந்தப் பிள்ளை. எமது வேலிச் சண்டைகளும் பெரும்பாலும் உடன்பிறந்தாரிடையேதான் என்று நண்பர் சொல்லக்கூடும்; சொல்லட்டும், ஆனால் அதனை முழக்கமாக்குதல் கடினம்.

ஒருவனுக்கு ஒருத்தி என்ற கற்புநெறியையும் கிபனின் தலையிற் சுமத்தியவர் உளர். 1995இல் றைகார்ட் காவோ யாயில் கிபன் பெண்கள் அயற் குழு ஆண்களோடும் கூடுவதை எழுதினார். அதற்கு முந்திய ஆண்டு, சுமாத்திராவின் கேத்தாம்பே காட்டில் இணைகள் பிரிவதையும் புதிதாய்ச் சேர்வதையும் பலோம்பிற் எழுதினார். சீனத்தின் ஹைனான் தீவுக் கிபனோ ஓர் ஆணும் இரு பெண்களுமாகவே பெரும்பாலும் வாழ்கின்றது. திருமண மண்டபத்துக்கும் கிபன் சாட்சி சொல்ல வராது.

இவ்விடத்தில், முற்போக்குத் தோழர் சிலர் மகிழ்ந்து, கிபன் பொதுவுடைமைப் பிராணி என்று எழுதத் தொடங்குவதற்கு முன்னர் அவர்களையும் நிறுத்தவேண்டியுள்ளது. கிபன்கள் எல்லைச் சண்டையிற் காயப்பட்டு இறப்பதும் உண்டு. அத்தகைய நிகழ்ச்சியொன்றை அதே பலோம்பிற் 1993இல் வெளியிட்டார். தனியுடைமைக்கு எதிராகவும் கிபன் சாட்சி சொல்லாது. ஒரு குரங்கை மடக்கி எமது கட்சியிற் சேர்ப்பது, அது எக்கட்சியாயினும், அறிவுக்குச் செய்யும் துரோகமே.

பாட்டின் பொருளென்ன என்ற வினா இன்னும் எஞ்சியுள்ளது. போர்ணியோவின் கூத்தாய்க் காட்டில் 1980களில் மித்தானி என்பவர் பதிவு செய்த பாட்டுகளை ஒலிபெருக்கியில் ஒலிக்கவிட்டுப் பார்த்தார். ஒலி எங்கிருந்து வருகின்றது என்பதைப் பொறுத்துக் கிபன்களின் மறுமொழி வேறுபட்டது. அதாவது, பாட்டு மட்டும் செய்தியன்று. பாடுபவர் நிற்கும் இடமும் கேட்பவர் இருக்கும் இடமும் சேர்ந்தே செய்தி. 2006இல் கிளார்க், றைகார்ட், சுபர்ப்யூலர் ஆகிய மூவரும் காவோ யாயில் சிறுத்தை, புலி, மலைப்பாம்பு, கழுகு ஆகியவற்றின் பொம்மைகளைக் காட்டி ஆராய்ந்தனர். பகைவிலங்கைக் கண்டபோதும் கிபன்கள் பாடின. ஒலிகள் காலையில் பாடும் அதே ஒலிகளே; அவற்றை அடுக்கிய முறை வேறு. காட்டில் அவ்வேளை தூரத்தே நின்ற தம் குழுவினரும் அவ்வேறுபாட்டை அறிந்தே பதில் கொடுத்தனர். பாட்டு வெறும் எல்லைக்கல் எனின் சிறுத்தைக்கு எதற்குப் பாட்டு? நாம் இருக்கிறோம், இருவராக இருக்கிறோம், இன்ன இடத்தில் இருக்கிறோம், அங்கே ஆபத்து என்ற பல செய்திகளை ஒரே குரல் சுமக்கின்றது. எல்லையில் மோதாமலே விலகி நடப்பதற்கும் அது வழிசெய்கின்றது.

மொழிப்பற்று மிகுந்த எமது சங்கத்தாருக்கு இன்னொரு செய்தி. இரு வேறு இனக் கிபன்களுக்குப் பிறந்த கலப்புக் குட்டிகளின் பாட்டை 1984ஐ ஒட்டிய ஆண்டுகளில் புறொக்கெல்மன், கைஸ்மன் முதலியோர் ஆராய்ந்தனர். அக்குட்டிகள் தாயின் பாட்டையோ தந்தையின் பாட்டையோ கேட்டுப் பழகிப் பாடவில்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட ஒன்றைப் பாடின. பாட்டின் அடிப்படை பிறப்போடு வருவது என்பது இதன் பொருள். கிபனுக்குப் பாட்டு இரத்தத்தில் உண்டு. எமக்குத் தமிழ் இரத்தத்தில் இல்லை. மடியிலும் திண்ணையிலும் பள்ளியிலும் பிறர் சொல்லித் தந்தது. பிறர் வீட்டிற் வளர்ந்த தமிழ்க் குழந்தை அவ்வீட்டின் மொழியையே பேசும். குருதியில் ஓடும் மொழி என்று மேடையிற் பேசுவோர், தம்மைக் கிபனாகவே எண்ணிப் பேசுகின்றனர்.

இவ்வளவு சினம் எதற்கு, ஒரு விவாதப் பேச்சுத்தானே என்று கேட்கக்கூடும். யான் பிறந்தது மலையகத்துத் தேயிலைத் தோட்டமொன்றில். எமது லயத்துக்கு மேலே தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில், விடியுமுன் ஊதாமுக மந்தியின் குரல் குரைப்பதைப் போல எழும். அக்குரலைக் கேட்டே அம்மா அடுப்பு மூட்டுவார். அம்மந்தி இலங்கைக்கு மட்டுமே உரியது. பொலநறுவையிலும் ஹோட்டன் சமவெளியிலும் அதனை ஆராய்ந்த எம் நாட்டவரான ருத்திரன், கூட்டத்தை ஆளும் கடுவனை வெளியிலிருந்து வரும் கடுவன்கள் துரத்திவிடுவதை 1973இல் எழுதினார். உரத்துக் கத்துபவன் நிலைத்திருப்பவன் அல்லன். அந்த மலைகளில் மந்திதான் முந்தியது. பின்னர் கோப்பி வந்தது. 1869இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழிய, தேயிலை வந்தது. காட்டை வெட்டியவர் என் பாட்டனாரின் முன்னோர், வெட்டுவித்தவர் வேறு. 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் அவர்தம் மக்களை நாடற்றவராக்கியது. இன்றும் தோட்டத்து மக்களிற் பெரும்பாலார்க்குத் தாம் படுத்துறங்கும் இடத்துக்கு உறுதி கிடையாது.

இனி நண்பரது தத்துவத்தை எம் தோட்டத்துக்கு எடுத்துச் செல்வோம். நிலம் முந்தியவனுக்கு உரியது எனின் அது மந்திக்கு உரியது. உரத்து அறிவிப்பவனுக்கு உரியது எனின், கொழுந்து பறித்துக் களைத்து வரும் என் தாய்க்கு உரக்கச் சொல்லும் குரல் இல்லை. எல்லையைக் காக்கும் இயல்பூக்கமே உரிமை எனின், அவ்வியல்பூக்கத்தின் பெயரால் எம்மைத் துரத்தியவர்களும் நியாயவான்களாவர். நண்பர் எம்மைக் காப்பதற்காகப் பேசினார் என்பது எனக்குத் தெரியும். அவர் ஏந்திய ஆயுதத்தின் கூர்முனை எம் பக்கம் இருந்ததை அவர் காணவில்லை. உரிமை என்பது மனிதர் தமக்குள் வாதிட்டு, போராடி, எழுதி நிலைநாட்டுவது. அதனை இயற்கையிடம் இரவல் கேட்பவன், மறுநாள் வலியவன் வந்து அதே இயற்கையின் பெயரால் பறிக்கும்போது வாய்திறக்க இயலாது.

குரங்கின் தேசப்பற்றைப் போற்றும் இதே நாட்டில், குரங்குக்கு நடப்பது என்ன என்பதையும் சொல்லிவிடுகின்றேன். 2023 ஏப்பிரலில், இத்தீவுக்கே உரிய செங்குரங்குகளில் ஒரு இலட்சத்தைச் சீனத்துக்கு அனுப்பும் யோசனை பகிரங்கமாகப் பேசப்பட்டு, எதிர்ப்பின் பின்னர் கைவிடப்பட்டது. 2025 மார்ச் 15ஆம் திகதி, பயிரழிக்கும் பிராணிகளை நாடளாவிய ரீதியில் ஐந்து நிமிடம் எண்ணினோம். குரங்கால் மரக்கறிப் பாத்தியை இழந்தவர்களுள் என் மாமாவும் ஒருவர். அவரது ஆத்திரத்தை யான் ஏளனம் செய்யேன். ஆயினும் மேடையில் எல்லைக் காவலன், தோட்டத்தில் களவாணி என்று ஒரே பிராணிக்கு இரண்டு வேடம் போடுவது எமது வசதிக்கே அன்றி வேறெதற்குமன்று.

எல்லையைப் பற்றி நாம் பாடிக்கொண்டிருக்க, எல்லைக்குள் இருக்கும் காடு குறைகின்றது. சீனத்தின் யாங்சி ஆற்றுப் பள்ளத்தாக்குகளிலே ஒரு காலத்திற் கிபனின் குரல் கேட்டது; அக்குரலைப் பாடாத தாங் காலக் கவிஞர் அரியர். இன்று அங்கே கவிதைகள் உள்ளன, கிபன் இல்லை. சியான் நகரின் அருகே, முதற் பேரரசன் சின் சி உவாங்கின் பாட்டியினதெனக் கருதப்படும் கல்லறையிற் கிடைத்த மண்டையோடு, அழிந்துபோன ஓர் கிபன் இனத்துக்குரியது என்று 2018இல் அறிவிக்கப்பட்டது. ஹைனான் தீவில் 1950களில் ஏறத்தாழ 2,000 கிபன்கள் இருந்தன என மதிப்பிடப்பட்டுள்ளது; 2003இல் எண்ணியபோது 13. காடு காக்கப்பட்டதனால் இன்று 40க்குச் சற்று மேல்.

அசாமின் ஜோர்ஹாட் அருகே ஹொல்லொங்காப்பர் என்னும் காடு உண்டு. பரப்பு ஏறத்தாழ 2,100 ஹெக்டேயர். 1997இல் கிபன் சரணாலயமாக்கப்பட்டது. சுற்றிலும் தேயிலை, என் ஊரைப் போலவே. பிரித்தானியர் காலத்தில் இடப்பட்ட புகையிரதப் பாதையொன்று அதனை ஊடறுத்து, ஏறத்தாழ 150 ஹெக்டேயரைத் தனித்துண்டாக்கிவிட்டது. நிலத்தில் இறங்காத கிபனுக்குத் தண்டவாளத்தின் மேலுள்ள வெற்றுவெளி கடலுக்குச் சமம். 2015இல் கட்டிய இரும்புப் பாலத்தை அவை ஏற்கவில்லை. துண்டில் அகப்பட்ட ஹூலொக் குடும்பங்கள் தம் ஆள்புலத்தைப் பாடிப் பாடிக் காக்கின்றன. எவரும் அதனைப் பறிக்க வரவில்லை. பிள்ளைகள் வளர்ந்தால் துணை தேடிப் போவதற்குத்தான் இடமில்லை.

இவ்வாண்டு விவாத அரங்குக்குத் தலைப்புத் தேடும் செயற்குழுவினர்க்கு ஒரு விண்ணப்பம். "தோட்டத்து மக்களுக்கு வீட்டுக் காணி வழங்குவதும் மலைக்காட்டைக் காப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை" என்று தலைப்பிடுங்கள். நண்பர் ஆதரித்துப் பேசட்டும். எதிர்த்துப் பேச யான் வருகின்றேன். குரங்கை மட்டும் இருவரும் சாட்சிக்கு அழைக்கலாகாது என்பது எனது ஒரே நிபந்தனை.